ஆள் கொடுத்த வழக்கு

திருச்சியிலிருந்து சம்மன் வந்த அன்று கோவிந்தராசு பயப்படவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டார். பூதலூர்ப் பக்கம் அரிசி ஆலை வைத்திருப்பவனைத் தேடி லோக்கல் போலீஸ் வருவது மழை வருவது மாதிரி; வருஷத்துக்கு ஒருமுறையாவது வராமல் போகாது. ஆனால் மத்திய சுங்கத் துறையிலிருந்து, பதிவுத் தபாலில், எந்த மாடிக்கு வரவேண்டும் என்பது வரை அச்சடித்து வந்தது அந்தத் தெருவில் அவர் ஆலைக்குத்தான் முதல்.

“பாத்தியா மரியாதைய?” என்று கவரைத் தங்கை மகன் பரணிதரனிடம் நீட்டினார். “நம்ம ஸ்டேஷன்னா ஏட்டு வந்து வண்டிச் சாவியப் புடுங்கிக்கிட்டு ‘வாய்யா’ம்பாரு. இவங்க படிச்சவங்க. படிச்சவங்ககிட்ட பேசி முடிக்கிறது சுலுவு.”

“என் பேருக்கு வந்திருக்கு மாமா.”

“கம்பெனி உன் பேர்ல இருந்தா சம்மன் பக்கத்து வீட்டுக்காரன் பேருக்கா வரும்?”

பரணி சிங்கப்பூரில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவன். ‘அடுத்தவன் கட்டடத்துக்குக் காவல் காத்தது போதும்டா, வா, ஏற்றுமதி பண்ணுவோம்’ என்று வரவழைத்தவர் மாமாதான். ஏற்றுமதி உரிமத்தை அவன் பெயரில் எடுத்தார்கள். மருமகன் முன்னுக்கு வரட்டும் என்பது கோவிந்தராசு ஊருக்குச் சொன்ன காரணம். அது பொய் இல்லை. ரேஷன் அரிசிக் கேஸ்களில் ஆலையின் பெயர் அடிபட்டிருந்தது என்பது ஊருக்குச் சொல்லாத காரணம். அதுவும் பொய் இல்லை. வியாபாரிக்கு எப்போதும் இரண்டு உண்மைகள் கைவசம் இருக்கும்; எதை முன்னால் வைப்பது என்பதில்தான் தொழில்.

நடந்தது இதுதான். வெள்ளைப் பச்சரிசியை வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது என்று டெல்லியில் தடை போட்டிருந்த காலம். புழுங்கல் போகலாம், பச்சரிசி போகக்கூடாது. போகக்கூடாத சரக்குக்குத்தான் அக்கரையில் ஏகப்பட்ட விலை. அந்த விலையைக் கேட்டபிறகு தூங்குகிறவன் வியாபாரியே இல்லை. கோவிந்தராசு தூங்கவில்லை. கன்டெய்னரில் கதவுப் பக்கம் புழுங்கல் மூட்டை, அதற்குப் பின்னால் பச்சரிசி மூட்டை என்று அடுக்கினார். காகிதத்தில் எல்லாமே புழுங்கல். மேல் மூட்டையில் நல்ல சரக்கை வைப்பது இந்தத் தொழிலில் புதிதல்ல. வாங்க வருகிறவனும் அது தெரிந்துதான் குத்தூசியை அடி மூட்டையில் செருகி மாதிரி எடுத்துப் பார்ப்பான். அரசாங்கத்தின் குத்தூசி அவ்வளவு நீளம் இருக்காது என்று இவர் நினைத்துவிட்டார். இரண்டு மூன்று கன்டெய்னர் தப்பிப் போய்ப் பணமும் வந்தது; அடுத்ததைத் தூத்துக்குடியில் மொத்தமாக இறக்கிப் பார்த்துவிட்டார்கள்.

மூட்டை அடுக்கிய விஷயம் பரணிக்குத் தெரியாது. அவன் தஞ்சாவூர் ஆபீசில் உட்கார்ந்து காகிதம் பார்க்கிறவன். ஆலையில் மாமா என்ன ஏற்றினாலும் அவன் காகிதத்தில் அது புழுங்கல்தான்.

நாகூரிலிருந்து அஹமது கபீர் போன் செய்தார். கப்பல் ஏஜென்ட். கோவிந்தராசுவுக்கு இருபது வருஷப் பழக்கம்.

“அண்ணே, தம்பிய தனியா அனுப்பாதீங்க. வக்கீலக் கூட்டிக்கிட்டுப் போங்க.”

“எதுக்கு பாய்? வக்கீலப் பாத்தா ரேட்டு ஏறும்.”

“இது ரேட்டு பேசுற இடம் இல்லண்ணே.”

“ரேட்டு பேசாத இடம்னு ஒண்ண பகவான் படைக்கவே இல்ல பாய். கோயில்லயே பேசுறோம்.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கபீர் சிரிக்கவில்லை. அந்தச் சிரிக்காததை கோவிந்தராசு பிற்பாடு பலமுறை நினைத்துக்கொண்டார்.

அவருக்கு அந்தத் தைரியம் சும்மா வரவில்லை. ‘ஆள் கொடுப்பது’ என்று அவர் ஒரு முறை வைத்திருந்தார். ரேஷன் அரிசி லாரி பிடிபட்டால் முதலாளி ஸ்டேஷனுக்குப் போகமாட்டார். ஓர் ஆள் போவான். டிரைவரோ, ஆலைக் கணக்கரோ. ‘நான்தான் செஞ்சேன், முதலாளிக்குத் தெரியாது’ என்பான். போலீஸ் எழுதும், அவன் கையெழுத்துப் போடுவான். கொஞ்ச நாள் தஞ்சாவூர்க் கிளைச் சிறையில் இருப்பான். வீட்டுக்கு அரிசி பருப்பு போய்ச்சேரும். ஜாமீனில் வருவான். பிறகு அந்தக் கேஸ் வாய்தா வாய்தாவாக நடந்து, சாட்சி சொல்ல வந்தவனுக்கு ஞாபக மறதி வந்து, ஒருநாள் தானாகவே ஆயுசு முடிந்து போகும். இதுவரை கொடுத்த ஆள் எவனும் திரும்பி வராமல் இருந்ததில்லை. ஒருவன் உள்ளே இருந்து வந்தபோது கொஞ்சம் சதை போட்டிருந்தான்.

அன்று சாயங்காலம் தங்கை பிரகதாம்பாள் வீட்டுக்குப் போனார். பரணியை எதிரில் உட்காரவைத்தார். உள்ளே அவன் மனைவி வானதி பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“எல்லாம் எனக்குத் தெரியும், நான்தான் அடுக்கச் சொன்னேன், மாமாவுக்கு எதுவும் தெரியாது. இவ்வளவுதான் சொல்லணும்.”

“எனக்குத்தான் எதுவும் தெரியாதே மாமா.”

“அது எனக்குத் தெரியும். அந்த ஆபீசருக்கு எதுக்கு அது? யாராவது ஒருத்தன் தலைய ஆட்டுனாத்தான் அவனுக்கு வேலை முடியும். தலைய ஆட்டிட்டா அபராதம் போட்டு முடிப்பான். இல்லன்னு நின்னா நோண்டுவான்.”

“அப்ப நீங்களே ஆட்டலாம்ல?”

கேலியாகத்தான் கேட்டான். கோவிந்தராசு கோபப்படவில்லை.

“ஆட்டலாம். நான் உள்ள போனா என்னய வெளிய எடுக்க உனக்கு யாரத் தெரியும்? உங்க சிங்கப்பூர்ல சொல்லிப் பாக்குறியா? நான் வெளிய இருந்தாத்தான்டா ரெண்டு பேருக்கும் நல்லது.”

பிரகதாம்பாள் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நகராமல் நின்றாள். “இவனுக்கு ஒண்ணும் வந்துறாதே அண்ணே?”

“நான் இருக்கேன்ல?” என்றார்.

அதற்குமேல் அந்த வீட்டில் யாரும் கேள்வி கேட்கவில்லை. புருஷன் செத்தபிறகு அந்தக் குடும்பம் அந்த இரண்டு வார்த்தையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

திருச்சி ஆபீசில் கத்தல் இல்லை, லத்தி இல்லை, ‘வாய்யா போய்யா’ இல்லை. அதிகாரி வடக்கத்திக்காரர். தமிழைப் புத்தகத்தில் படித்துக் கற்றவர் போலிருக்கிறது; ரேடியோவில் செய்தி வாசிப்பது மாதிரி பேசினார்.

“அமருங்கள். தண்ணீர் அருந்துகிறீர்களா?”

கோவிந்தராசுவுக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. இந்தப் பச்சைப் பிள்ளைக்கா கபீர் பாய் அவ்வளவு பயந்தார்? “சாருக்குச் சொந்த ஊரு எது? ஊருக்கு நம்ம ஆலைப் பொன்னி ஒரு மூட்டை…” என்று ஆரம்பித்தார்.

“நன்றி. நான் ரொட்டி சாப்பிடுகிறவன். நீங்கள் வெளியே காத்திருங்கள் ஐயா. சம்மன் அவருக்குத்தான்.”

கதவில் கண்ணாடி இருந்தது. உள்ளே நடப்பது தெரிந்தது, கேட்கவில்லை. ஒரு கட்டு வெள்ளைத்தாளும் பேனாவும் பரணி முன்னால் வைத்தார்கள். அவன் எழுதினான். நிறுத்தி யோசித்தான். அதிகாரி ஏதோ கேட்டார், மறுபடி எழுதினான். கோவிந்தராசு வெராண்டாவில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஸ்டேஷனில் அவர்கள் எழுதுவார்கள், நம் ஆள் கையெழுத்துதான் போடுவான். இங்கே நம் ஆளையே எழுதச் சொல்கிறார்கள். நாற்காலி, மின்விசிறி, நடுவில் ஒரு டீ. மத்திய அரசாங்கம் மத்திய அரசாங்கம்தான் என்று நினைத்தார். ஒருமுறை பரணி தலையைத் தூக்கிக் கண்ணாடி வழியாக இவரைப் பார்த்தான். இவர் கையைக் காட்டினார்: எழுது, எழுது.

இருட்டுவதற்குள் அவனைக் கைது செய்துவிட்டதாகச் சொன்னார்கள். அப்போதும் கோவிந்தராசு கலங்கவில்லை. கைது என்பது கணக்கில் இருந்ததுதான். அவனுக்கு வேட்டியும் பல் பொடியும் வாங்கிக் கொடுத்தார். தங்கைக்குப் போன் செய்து, “ஒரு வாரம், மிஞ்சிப்போனா பத்து நாள்,” என்றார்.

ஒரு வாரத்தில் வந்தது பரணி இல்லை, இன்னொரு கேஸ். தடைசெய்த சரக்கை விற்று வந்த பணம், கறுப்பை வெள்ளையாக்கிய பணம் என்று பணமோசடிச் சட்டத்தில் டெல்லியின் இன்னொரு துறை வந்து இறங்கியது. பரணியைச் சென்னைக்குக் கொண்டுபோய்ப் புழலில் வைத்தார்கள். கோவிந்தராசு தனக்குத் தெரிந்த கதவுகளையெல்லாம் தட்டினார். எம்.எல்.ஏ. வீட்டில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். “இது நம்ம கையில இல்லண்ணே, சென்ட்ரல்,” என்றார்கள். இன்ஸ்பெக்டர் ஒருவர், நல்ல மனிதர், இவரிடம் பல வருஷம் அரிசி வாங்கியவர், தோளில் கை வைத்து, “எங்ககிட்ட குடுத்திருந்தீங்கன்னா பாத்திருப்பேன்,” என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார். இந்த ஜில்லாவில் தான் நாற்பது வருஷம் சேர்த்து வைத்த முகதாட்சண்யமெல்லாம் விழுப்புரம் தாண்டினால் செல்லாத நோட்டு என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

வக்கீல் ரோஹிணியைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் கபீர்தான். கும்பகோணத்துப் பெண், உயர்நீதிமன்றத்தில் இந்த மாதிரி வழக்குகள் மட்டும் பார்ப்பவர். பரணி எழுதியதன் நகலைப் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இப்படி எழுதச் சொன்னது யார் சார்?”

“நான்தாம்மா.” மறைக்கவில்லை. ஆள் கொடுக்கிற முறையைக்கூட விளக்கிச் சொன்னார். சொல்லும்போது குரலில் பழைய கெட்டிக்காரத்தனம் கொஞ்சம் எட்டிப்பார்த்தது. அவருக்கே அது கேட்டது.

“அந்த கேஸ்ல எல்லாம் உங்க ஆள் போலீஸ்கிட்ட என்ன ஒத்துக்கிட்டாலும் அது கோர்ட் வாசல்லயே செத்துடும். போலீஸ்கிட்ட ஒத்துக்கிட்டது சாட்சியம் ஆகாது. அடிச்சு எழுதி வாங்கிடுவாங்கன்னு வெள்ளைக்காரன் காலத்துலயே போட்டு வச்ச சட்டம். இத்தனை வருஷமா உங்க ஆளுங்களைக் காப்பாத்தினது நீங்க இல்ல சார், அந்தச் சட்டம்.”

“இவங்களும் அரசாங்கம்தானேம்மா?”

“அரசாங்கம்தான். ஆனா போலீஸ் இல்ல. சட்டத்தோட கண்ணுல சுங்க அதிகாரி போலீஸ் கிடையாது. அதனால அவங்க முன்னாடி எழுதிக் குடுத்தது அப்படியே சாட்சியம். அடிக்கல, மிரட்டல, டீ குடுத்திருக்காங்க. அவரே தன் கையெழுத்துல பதினோரு பக்கம் எழுதியிருக்கார்.”

“எழுதுனது பொய்யின்னு இப்ப சொல்லலாம்ல?”

“சொல்லலாம். அப்ப ஏன் எழுதினேன்னு கேப்பாங்க. எங்க மாமா சொன்னார்னு சொன்னா உங்களையும் சேத்துப்பாங்கன்னு அவர் வாயத் திறக்க மாட்டேங்கறார், நேத்து புழல்ல பாத்துட்டு வந்தேன்.”



“பெயிலாவது?”

“ஊர் கேஸ்ல ஒருத்தன் தப்பு பண்ணினான்னு அவங்க நிரூபிக்கணும், அதுவரைக்கும் நாம பெயில் கேக்கலாம். இந்தப் பணமோசடிச் சட்டத்துல தலைகீழ். இவர் தப்பு பண்ணலன்னு ஜட்ஜுக்கு முதல்ல தோணணும், அப்பத்தான் பெயில். அவர் கையெழுத்த வச்சுக்கிட்டு நான் அதை எப்படித் தோண வைக்கறது, சொல்லுங்க.”

“ஒரு வழி இருக்கு,” என்றார் கோவிந்தராசு. அவருடைய வழக்கமான குரல் அது. கடைசி நேரத்தில் பேரத்தை முடித்து வைக்கிற குரல். “நான் போறேன். நான்தான் செஞ்சேன், அவனுக்குத் தெரியாதுன்னு சொல்றேன். அதான் நெசம். என்ன வச்சுக்கிட்டு அவன விடட்டும்.”

ரோஹிணி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “ஸ்டேஷன்ல ஆள் மாத்துவாங்க சார். இங்க ஆள் சேத்துப்பாங்க. நீங்க போனா நீங்க ரெண்டாவது அக்யூஸ்ட். அவர் ஏற்கனவே முதல் அக்யூஸ்ட். நீங்க சொல்றது கோர்ட்ல அவருக்கு உதவலாம், விசாரணை நடக்கும்போது. எப்ப நடக்கும்னு என்னால சொல்ல முடியாது. உங்க வக்கீலா நான் போகாதீங்கன்னுதான் சொல்வேன்.”

“அவன் வக்கீலா?”

ரோஹிணி நகலை மூடி வைத்தார். “அவர் வக்கீலா, நீங்க அன்னிக்கே போயிருக்கணும்னு சொல்வேன்,” என்றார்.

புழலில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பரணி நின்றான். இரண்டு பக்கமும் ஆட்கள் கத்திக் கத்திப் பேசினார்கள். யார் குரல் யாருடையது என்றே பிரிக்க முடியவில்லை.

“நல்லா இருக்கியாடா?”

“இருக்கேன் மாமா. இந்தி கத்துக்கிறேன். செல்லுல பாதி பேர் வடக்கத்திக்காரங்க.” சிரித்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. “பாப்பா நடக்குதாமே?”

“ஓடுது. சோத்துத் தட்டத் தட்டி விட்டுட்டு ஓடுது.”

“அன்னிக்கு எழுதும்போது மாமா, ரெண்டாவது பக்கத்துலயே எனக்கு ஏதோ தப்பாப் பட்டுச்சு. அந்த ஆபீசர் ஒரு தடவகூட அதட்டல. எது சொன்னாலும் ‘அதையும் எழுதுங்கள்’ங்கிறாரு. நிறுத்திடலாமான்னு உங்களத் திரும்பிப் பாத்தேன்.”

கோவிந்தராசு காதைக் கம்பி வலைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“நீங்க எழுதுன்னு கை காட்டுனீங்க,” என்றான் பரணி. குற்றம் சொல்கிற மாதிரி சொல்லவில்லை. வயலில் எந்த மடை திறந்திருந்தது என்று சொல்கிற மாதிரி சொன்னான். பிறகு குரலை உயர்த்தி, “நீங்க எதும் பண்ணிராதீங்க மாமா. நீங்களும் உள்ள வந்துட்டா அம்மாவ யாரு பாக்குறது?” என்றான். இவர் அன்றைக்கு அவனிடம் போட்ட அதே கணக்கு. கற்றுக்கொடுத்ததை அவன் சுத்தமாகக் கற்றிருந்தான்.

ரயிலில் திரும்பிப் பூதலூரில் இறங்கி நேரே தங்கை வீட்டுக்குப் போனார். பிரகதாம்பாள் அழுது ஓய்ந்திருந்தாள். வானதி இவர் தலையைக் கண்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டாள். கொஞ்ச நாளாகவே அப்படித்தான்.

“அண்ணே, நீ கோவிச்சுக்காம ஒண்ணு கேக்கட்டா?” என்றாள் பிரகதாம்பாள். “டிரைவரெல்லாம் குடுப்பியே. எல்லாரும் வந்துட்டாங்கள்ல. எம்புள்ளயக் குடுத்தது மட்டும் ஏன் திரும்பி வரல?”

அவள் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டாள். ஆள் கொடுப்பது பற்றி அவளிடம் இவர் ஒருநாளும் பேசியதில்லை. ஊருக்கே தெரிந்தது இவளுக்கு மட்டும் தெரியாமல் இருக்குமா? எல்லாம் தெரிந்துதான் அன்றைக்குக் காபியை வைத்துவிட்டு நின்றிருக்கிறாள். தெரிந்துதான் அந்த இரண்டு வார்த்தைக்குக் கட்டுப்பட்டிருக்கிறாள். ஸ்டேஷனைவிட, கோர்ட்டைவிட, அது அவரை அசைத்தது. வேட்டியை மாற்றக்கூட வீட்டுக்குப் போகவில்லை. திருச்சி பஸ்ஸில் ஏறினார்.

அதே அதிகாரி. அதே ரேடியோத் தமிழ்.

“அமருங்கள். தங்களுக்கு நாங்கள் சம்மன் அனுப்பவில்லையே?”

“நானாத்தான் வந்தேன் சார். எழுதிக் குடுக்கணும். தாள் குடுங்க.”

“வழக்கறிஞரிடம் பேசிவிட்டீர்களா?”

“பேசிட்டேன். போகாதன்னாங்க.”

அதிகாரி அவரை நிமிர்ந்து பார்த்தார். முதல் தடவையாக அந்த முகத்தில் புத்தகத்தில் இல்லாத ஏதோ ஒன்று வந்து போனது. தாளும் பேனாவும் வந்தன. கோவிந்தராசு பள்ளிக்கூடத்துக்குப் பிறகு இவ்வளவு நீளம் எழுதியதில்லை. எந்த நாளில், எந்த ஷிப்டில், கதவுப் பக்கம் எத்தனை வரிசை, பின்னால் என்ன சரக்கு என்று விலை பேசாமல், மிச்சம் பிடிக்காமல் எழுதினார். மூட்டை தூக்கியவர்கள் பெயர் வந்த இடத்தில் பேனாவை நிறுத்தி, ‘கூலிக்கு வந்தவர்கள், நான் சொன்னதைச் செய்தார்கள்’ என்று மட்டும் போட்டார். கடைசியில், ‘என் மருமகன் பரணிதரனுக்கு இதில் எதுவுமே தெரியாது’ என்று எழுதி, அதன் அடியில் கோடு போட்டார்.

அதிகாரி ஒவ்வொரு பக்கமாகப் படித்தார்.

“அவருக்கு எல்லாம் தெரியும் என்று அவர் எழுதியிருக்கிறார். அவருக்கு எதுவும் தெரியாது என்று நீங்கள் எழுதுகிறீர்கள். இதில் எது உண்மை?”

“நான் எழுதுனதுதான் சார் உண்மை.”

“அவரும் அப்படித்தான் சொன்னார்,” என்றார் அதிகாரி. “பக்கத்துக்குப் பக்கம் கையொப்பம் இடுங்கள்.”

போட்டார். “இப்ப அவன விட்டுருவீங்கள்ல?”

“இரண்டையும் நீதிமன்றத்தில் வைப்போம். முடிவு அவர்களுடையது. நீங்கள் இன்று வீட்டுக்குப் போக முடியாது. ஒருவருக்குத் தகவல் சொல்லலாம்.”

போனைக் கையில் கொடுத்தார்கள். பிரகதாம்பாள் முதல் மணியிலேயே எடுத்தாள். எங்கே இருக்கிறார், என்ன செய்தார் என்று சொன்னார். அந்தப் பக்கம் கொல்லையில் பிள்ளை ஏதோ கத்துவது கேட்டது.

“அப்ப அவன் வந்துருவானாண்ணே?”

நாளைய விலையை இன்றைக்கே அடித்துச் சொல்லி, சொன்ன சொல்லில் நின்று பெயர் வாங்கிய மனிதர். ஒரு வாரம், பத்து நாள் என்று நாக்கு நுனி வரை வந்தது. அதிகாரி அவர் எழுதிய தாள்களை அடுக்கி மூலையில் ஊசி குத்திக்கொண்டிருந்தார்.

“தெரியலம்மா,” என்றார் கோவிந்தராசு.